கோட்டு போட்டால்தான் சாப்பாடு

அத்தியாயம் பதினொன்று

கப்பலில் ஏறி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அக்காவும் தம்பியும் முட்டிக்கொண்டு நின்றதைப் போன வாரம் பார்த்தோம். "ஒரு நாள் எனக்காகக் காத்திருந்தா என்ன குறைஞ்சா போயிருக்கும்?" என்று தம்பி அறைகளுக்கு நடுவே இருந்த நடையிலேயே நின்று கத்தினான். நாலைந்து கதவுகள் திறந்து மூடின. அக்கா, வீட்டுக்குப் பெரியவள், அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அவர் போன செய்தி வந்தபோது தம்பி வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்திருந்தான். புயலால் விமானம் இல்லை. எப்போது பறக்கும் என்று சொல்லவும் ஆளில்லை. அவன் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த ஒரு நாள் அவனுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

மறுநாள் காலை, பெரியவள் சாத்திய அதே கதவுக்கு அடியில் ஓர் அட்டை வந்து கிடந்தது.

அன்று மாலை ஏழு மணிக்குப் பெரிய ஹாலில் விருந்து. பெண்கள் நீள உடையில் வர வேண்டும், ஆண்கள் கோட்டில். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, தொப்பி மூன்றுக்கும் தடை. இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்பவர்கள் மேல்தளத்துக்குப் போய்த் தட்டை ஏந்தி வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம். இவ்வளவையும் ஓரத்தில் பூவும் கொடியும் வரைந்து, யார் மனமும் கோணாதபடி அச்சடித்திருந்தார்கள்.

அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கான்," என்றாள்.

துணி விஷயத்தில் அம்மா சொன்னால் அப்பீல் கிடையாது. ஒரு பெரிய ஓட்டலின் சீருடை அறையில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவள். சமையற்காரர்களின் தொப்பியிலிருந்து மேனேஜரின் கழுத்துப் பட்டை வரை அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். பொத்தான் ஒன்று தொங்கினாலும் ஆளையே திருப்பி அனுப்பிவிடுவாள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஆட்களில் ஒருவர்தான் அப்பா. பொத்தானைத் தைத்துக்கொள்ளப் போனவர் பெண்ணையும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று ஓட்டலில் கேலி பேசுவார்கள்.

அப்பா அந்த ஓட்டலின் சாப்பாட்டு ஹாலில் பரிமாறுகிறவர். கடைசிப் பன்னிரண்டு வருடம் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவர். முப்பத்து நாலு வருடம் விருந்து நடந்த ஹாலில் நின்றபடியே வாழ்ந்தவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு நாள், ஒரே நாள், அந்த மாதிரி ஹாலில் கோட்டு போட்டு உட்கார வேண்டும். வேறு யாராவது வந்து பரிமாற வேண்டும்.

அந்த ஆசைக்காகவே அம்மா ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தாள். கறுப்பென்று சொல்ல முடியாத கருநீலத் துணி. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "ஆளைப் பார்த்தா பெரிய இடத்து மாப்பிள்ளை மாதிரி இல்ல?" என்பார். "மாப்பிள்ளைக்குப் பல்லு ரெண்டு போயிடுச்சு," என்பாள் அம்மா. கல்யாணமாகி நாற்பது வருடம் நிறைவதற்காகப் பிள்ளைகள் இந்தக் கப்பல் பயணத்தை ஏற்பாடு செய்தபோது, கப்பலைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான். நீச்சல் குளத்தைப் பார்க்கவில்லை, நாடக மேடையைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு ஹாலின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார்.

அவருக்கு எடுத்த இடத்தில் இப்போது பெரியவள் வந்திருக்கிறாள். அவருக்கென்று இருந்த கட்டிலில் படுக்கிறாள். அந்தக் கட்டிலுக்கு அடியில் அவளுடைய பெட்டி இருந்தது. பெட்டியின் அடியில், பழைய போர்வை ஒன்றில் சுற்றி, அந்தக் கோட்டு இருந்தது.

அந்தக் கோட்டு உலகத்திலேயே இருக்கக்கூடாத கோட்டு. அப்பாவோடு போய்விட்டதாக அம்மா நம்பிக்கொண்டிருக்கும் கோட்டு.

அப்பா விழுந்தபோது அம்மா தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் பஸ் நிறுத்தத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வரவா முடியும்? முகத்தைப் பார்க்கவும் அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அழுது முடித்தபின் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தக் கோட்டைப் போட்டு அனுப்பு. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

பெரியவள் கோட்டோடு பிணவறைக்குப் போனாள். அங்கே உடம்பைக் கழுவித் துடைக்கிறவர், நல்ல மனிதர்தான், கோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "கை விறைச்சுப்போச்சும்மா. முதுகுப் பக்கம் மேலேருந்து கீழ வரைக்கும் வெட்டினாத்தான் மாட்ட முடியும். முன்னாடி பார்த்தா தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் செய்வோம்," என்றார். கையில் கத்தரிக்கோல் இருந்தது.

அம்மா ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தைத்த கோட்டு. அதில் கத்தரிக்கோல் இறங்குவதை அவளால் பார்க்க முடியவில்லை. "வேண்டாம்" என்றாள். அப்பா ஒரு வெள்ளைச் சட்டையோடு போனார்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா கண்ணாலேயே கேட்டாள். "போட்டேம்மா. நல்லா இருந்துச்சு," என்று பெரியவள் சொன்னாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு பேச்சுதான் எட்டு மாதமாக அம்மாவை நிற்க வைத்திருக்கிறது. தம்பியையும்கூட.

வீட்டில் அந்தக் கோட்டை வைக்க இடமில்லை. அம்மா குடைந்து பார்க்காத அலமாரி கிடையாது. தீயில் போடவும், யாருக்காவது தூக்கிக் கொடுக்கவும் பெரியவளுக்குக் கை வரவில்லை. கடலில் விட்டுவிடலாம், எப்படியோ அவரிடம் போய்ச் சேரட்டும் என்று எண்ணித்தான் கப்பலுக்கு எடுத்து வந்தாள். ஏறிய அன்று சாயங்காலம் போர்வைச் சுருட்டலோடு மேல்தளத்து ஓரக் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கப்பல் ஊழியர் ஒருவர் ஓடிவந்து, கடலில் எதையும் எறியக் கூடாது என்ற பலகையைப் புன்சிரிப்போடு காட்டினார். காற்று வாங்க வந்ததாகச் சொல்லித் திரும்பிவிட்டாள். போர்வையோடு யார் காற்று வாங்குவார்கள் என்று அவர் கேட்கவில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், பேசவில்லை. தம்பி ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மௌனம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

"அத்தை, அந்த அட்டையைப் பார்த்தீங்களா? உங்க பிள்ளைக்குக் கோட்டு இல்ல. பூப்போட்ட சட்டை மட்டும் ஏழு எடுத்துட்டு வந்திருக்காரு. தோட்டமே நடக்குற மாதிரி இருக்கு."

"நான் மேல போய்ச் சாப்பிட்டுக்கறேன்," என்றான் தம்பி.

"நாலு பேரும் ஒரே மேஜையில உக்காரணும்," என்றாள் அம்மா. "அந்த ஹால்ல. ஒழுங்கா உடுத்திக்கிட்டு. உங்கப்பா கேட்டது அவ்வளவுதான். அதுக்குத்தான் நான் இந்தக் காலை இழுத்துக்கிட்டு வந்திருக்கேன்."

"கோட்டு இல்லாம உள்ள விடமாட்டாங்களேம்மா."

"கீழ கடையில வாடகைக்குக் கொடுப்பாங்க. போய்ப் பாரு."

பெரியவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். தம்பிக்கு அப்பாவின் உடம்பு. அதே தோள், அதே உயரம். அறையில் கட்டிலுக்கு அடியில் அவனுக்கு அளவெடுத்த மாதிரி ஒரு கோட்டு சும்மா கிடக்கிறது. அதைச் சொல்ல வாய் இருக்கிறதா அவளுக்கு?

விளையாட்டு டீச்சர் புருஷனை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அரை மணியில் திரும்பி வந்தார்கள். மிச்சம் இருந்தது இரண்டே கோட்டுகள். ஒன்றில் அவன் கை நுழைந்தது, தோள் நுழையவில்லை. இன்னொன்று முழங்காலைத் தொட்டது.

"அதைப் போட்டதும் மேஜிக் காட்டுறவர் மாதிரி ஆயிட்டாரு அத்தை. உள்ளேருந்து புறா வரும்னு நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்," என்றாள்.

அம்மா சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்தாள். "எல்லாரோட உடுப்பையும் கொடுங்க. தேய்ச்சு வைக்கறேன். கோட்டுக்கு நான் ஏதாவது யோசிக்கறேன்."

அறைக்குள் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை. நாலாவது தளத்தின் கோடியில் அதற்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. அம்மா அங்கே போய்ப் பத்து நிமிஷத்தில் அதைத் தன் ராஜ்யமாக்கிக்கொண்டாள். யாரோ ஒருவர் சட்டையைத் தப்பும் தவறுமாகத் தேய்ப்பதைப் பார்க்கச் சகிக்காமல் வாங்கித் தேய்த்துக் கொடுத்தாள். மதியத்துக்குள் முன்பின் தெரியாத ஆறு குடும்பங்களின் சட்டைகள் அவள் கையால் மடிப்பு வாங்கியிருந்தன.

பெரியவள் மேல்தளத்துக்குப் போனாள். காலையில் பெட்டியைத் திறந்து தன் ஊதா உடையை எடுத்து அம்மாவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்திருந்தாள். தலையில் நூறு கவலை. பெட்டியைப் பூட்டினோமா என்ற கவலை மட்டும் அதில் இல்லை.

கம்பிக்குப் பக்கத்தில் தம்பி நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் நகர்ந்துவிடுவான் என்று நினைத்தாள். நகரவில்லை.

"நேத்து கத்தினது தப்பு," என்றான், கடலைப் பார்த்தபடி.

"பரவாயில்லடா."

"பரவாயில்லன்னு சொல்லாதே. எனக்கு ஆத்திரம் உன் மேல இல்லக்கா. அந்த கிரேன் மேல ஏறி உக்காந்துட்டு இருந்தேன் பாரு, அப்போ ஃபோன் வந்துச்சு. இறங்கறதுக்கே இருபது நிமிஷம். அந்த ஏணியில இறங்கறப்போ நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அப்பா கீழ நிப்பாருன்னு நினைச்சேன்."

அவன் உதடு கோணியது. நாற்பது டன் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிறவன், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். பெரியவள் அவன் தோளில் கை வைத்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை அவன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றான். "கோட்டு போட்டதும் எப்படி இருந்தாரு?"

இப்போது சொல்லிவிடலாம். காற்று அடிக்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை, தம்பி மனம் இளகி நிற்கிறான். சொன்னால் அவன் இன்னொரு தரம் அப்பாவை இழப்பான், அவளையும் இழப்பான். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள், அவருக்குத் தெளிவாகத் தெரிகிறதா இல்லையா என்று. தம்பியின் கண் எதையோ தேடித் தேடிக் களைத்துப் போயிருந்தது.

"நல்லா இருந்தாருடா," என்றாள். "விருந்துக்குப் போற மாதிரி இருந்தாரு."

தம்பி தலையாட்டினான். பலமுறை ஆட்டினான். "போதும்க்கா. எனக்கு அது போதும்," என்றான். பிறகு இரண்டு பேரும் மூன்று மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசினார்கள், சிரிக்கவும் செய்தார்கள். சிரித்த ஒவ்வொரு தடவையும் பெரியவளுக்கு உள்ளே வலித்தது. பொய் சொல்லி வாங்கிய தம்பியை எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும் என்று நினைத்தாள். எழுந்து இன்னும் கொஞ்சம் நடந்தாள், தம்பி மனைவியோடு கொட்டாவி விட்டபடி ஒரு பாட்டுக் கச்சேரியில் உட்கார்ந்தாள். அறைக்குத் திரும்பும்போது மணி ஆறரை.

அம்மா இல்லை. கிளம்பிப் போயிருந்தாள்.

கட்டிலின் மேல் பெரியவளின் ஊதா உடை தேய்த்து விரிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு துணி, கச்சிதமாகத் தேய்த்து, நாலாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். கோட்டைச் சுற்றி வைத்திருந்த பழைய போர்வை.

குனிந்து பெட்டியை இழுத்தாள். பூட்டவில்லை. உள்ளே அவள் துணிகள் எல்லாம் அழகாக அடுக்கியிருந்தன. கோட்டு இல்லை.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போகலாம் என்றால் நடுக்கடலில் எங்கே ஓடுவது? கடைசியில் எழுந்து முகத்தைக் கழுவினாள். ஊதா உடையைப் போட்டுக்கொண்டாள். அம்மா எங்கும் ஒரு சுருக்கம் விடாமல் தேய்த்திருந்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஹாலின் வாசலில் தம்பி நின்றிருந்தான். கருநீலக் கோட்டில்.

ஒரு விநாடி அப்பாதான் நிற்கிறார் என்று பட்டது. அதே தோள், தலையை லேசாகச் சாய்த்து நிற்கும் அதே பாணி. பக்கத்தில் அம்மா, சாம்பல் நிற உடையில், கைத்தடியோடு. விளையாட்டு டீச்சர் புருஷனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அண்ணி, பார்த்தீங்களா? என் புருஷனா இதுன்னு எனக்கே சந்தேகமா இருக்கு. இனிமே இவரு பூப்போட்ட சட்டை போட்டா நான் கூட நடக்க மாட்டேன்!"

தம்பியின் கண் பளபளத்தது. "அக்கா, அம்மா எவ்வளவு அழுத்தம் பாரு. அப்பா அளவுல ரெண்டு கோட்டு தைச்சாங்களாம். ஒண்ணு அப்பாவோட போச்சு. இன்னொண்ணை எனக்குன்னு எடுத்து வெச்சிருந்தாங்களாம். உன் பெட்டியில வெச்சுத்தான் கொண்டு வந்திருக்காங்க, உனக்கே தெரியாது! நானும் நீயும் முகம் கொடுத்துப் பேசற வரைக்கும் தரக்கூடாதுன்னு இருந்தாங்களாம். மத்தியானம் நாம மேல உக்காந்திருந்ததைப் பார்த்துட்டுத்தான் எடுத்துக் கொடுத்தாங்க."

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தம்பியின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, எதுவுமே இல்லை. சீருடை அறையில் வரிசையாக ஆட்களைப் பார்த்து அனுப்பும் முகம் அது.

"உள்ள போகலாம்," என்றாள்.

படத்தில் பார்த்ததைவிட ஹால் பெரிது. வெள்ளை விரிப்புகள், உயரக் கண்ணாடிக் கோப்பைகள், ஆளுக்கு மூன்று கரண்டிகள். பரிமாறுகிறவர் வந்து அம்மாவின் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் பிடித்தார். அம்மா தயங்கினாள். அவளுக்காக யாரும் நாற்காலி இழுத்ததில்லை. பின் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சூப்பு வந்தது. அம்மா சத்தமில்லாமல் குடித்தாள். "இந்தப் பையன் சட்டையில ரெண்டாவது பொத்தான் வேற நூல்ல தைச்சிருக்கு," என்று பரிமாறியவரைப் பற்றி ஒரு தடவை சொன்னாள். "அப்பா இருந்தா தட்டை எந்தப் பக்கம் வைக்கறாங்கன்னு பார்த்துக்கிட்டே இருப்பாரு, சாப்பிட மாட்டாரு," என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஆசைப்பட்ட ஹாலில், அவர் ஆசைப்பட்ட மேஜையில், அவர் இல்லை. அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

கடைசி இனிப்பு வரும் முன்னால் டீச்சர் எழுந்தாள். ஹாலின் மூலையில் குடும்பங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க, இடம் பிடிச்சு வைக்கலாம்," என்று தம்பியை அழைத்துப் போனாள். மேஜையில் அம்மாவும் பெண்ணும் மட்டும்.

அம்மா கைத்துண்டை எடுத்து மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"அவரு எதைப் போட்டுக்கிட்டுப் போனாரு?"

பெரியவளுக்குக் கண்ணீர் முந்திக்கொண்டு வந்தது. "வெள்ளைச் சட்டைம்மா."

"எந்த வெள்ளைச் சட்டை?"

"காலரைத் திருப்பித் தைச்சிருந்தியே, அது."

"அதுவா," என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஏன்டி?"

பெரியவள் சொன்னாள். விறைத்த கை, கத்தரிக்கோல், முன்னால் பார்த்தால் தெரியாது என்று அந்த மனிதர் சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "நீ தைச்சதை வெட்ட விட முடியலம்மா. உன்னை ஏமாத்தணும்னு இல்ல."

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, ஒரு வேலையாளுக்கு விளக்கும் குரலில் சொன்னாள்.

"நடு முதுகுல ரெண்டு விரல் துணி உள்ள விட்டுத் தைச்சிருக்கேன். அவருக்கு உடம்பு போட்டா பிரிச்சு விடலாம்னு. அந்தத் தையலைப் பிரிச்சிருந்தா போதும். மாட்டிட்டு மறுபடி நாலு தையல் போட்டிருக்கலாம். கத்தரிக்கோலே வேண்டாம். ஒரு ஊசி, ஒரு முழம் நூல். அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியாதேம்மா."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"நீ காலுல எடை கட்டித் தொங்கவிட்டு, வலியில துடிச்சுக்கிட்டு…"

"காலுதான்டி உடைஞ்சது," என்றாள் அம்மா. "வாய் இருந்துச்சு. கையும் இருந்துச்சு. அவரை என் கட்டில்கிட்டக் கொண்டுவர முடியல, சரி. அந்தக் கோட்டையாவது கொண்டு வந்திருந்தா நானே பிரிச்சுக் கொடுத்திருப்பேன். அவருக்குக் கடைசியா நான் செய்யற வேலை அது. அதையும் இல்லாம பண்ணிட்டியே."

குரல் உயரவில்லை. பக்கத்து மேஜையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவளுக்கு மட்டும் அந்த ஹாலில் வேறு எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்காக ஒரு கோட்டைக் காப்பாற்றி வைத்ததாக எட்டு மாதம் நினைத்திருந்தாள். அவளிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டோம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"அவன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்," என்றாள் அம்மா. "உன் மூஞ்சிக்காகத்தான் சொன்னேன். இன்னொண்ணு கேட்டான்னா என்னால முடியாது."

மூலையிலிருந்து டீச்சர் விளையாட்டு மைதானத்தில் கூப்பிடுவது போலக் கையை உயர்த்தி அழைத்தாள். அவர்கள் முறை வந்துவிட்டது. பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கை கொடுத்தாள். அம்மா கைத்தடியை ஊன்றித் தானே எழுந்து நடந்தாள்.

புகைப்படக்காரர் அம்மாவை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு பக்கம் தம்பி, மறுபக்கம் அவன் மனைவி. பெரியவளைத் தம்பிக்குப் பின்னால் ஒரு படி மேலே நிற்கச் சொன்னார். அவள் கண்ணுக்குக் கீழே கோட்டின் நடுமுதுகு. தையல் மேலிருந்து கீழே நேராக ஓடியது. அதன் இரண்டு பக்கமும் துணி லேசாகத் தடித்திருந்தது. அம்மா சொன்ன இரண்டு விரல் துணி உள்ளேதான் இருந்தது.

தம்பி பாதி திரும்பி, சிரித்தபடி மெதுவாகக் கேட்டான். "அக்கா, எனக்குக் கை கொஞ்சம் நீளமா இருக்கில்ல? நீ அப்பாவுக்குப் போட்டுவிட்டியே, அவருக்குச் சரியா இருந்துச்சா?"

சரியா இருந்துச்சுடா என்று சொன்னால் முடிந்தது. சொன்னால் அவன் சிரிப்பு அப்படியே படத்தில் விழும், வீட்டுச் சுவரில் தொங்கும். அவள் குனிந்து அம்மாவின் நரைத்த தலையைப் பார்த்தாள். அம்மா திரும்பவில்லை.

"நான் போட்டுவிடலடா," என்றாள் பெரியவள். "ரெண்டு கோட்டெல்லாம் இல்ல. அந்தக் கோட்டுதான் இது."

தம்பி முழுசாகத் திரும்பினான். டீச்சரும் திரும்பினாள். புகைப்படக்காரர் கருவிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, எல்லோரும் ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் பாருங்கள் என்றார்.

அம்மா மட்டும் பார்த்தாள்.